ஏஜ்டு என்று ஒரு வார்த்தை

மனைவி என் தலைக்கு டை பூசுகிறாள். நாளைக்கு பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி வேலைக்கு மெடிக்கல். டையின் நெடி என்னைத் தங்கவயலுக்கு இழுத்துப்போனது.

சுரங்க மெடிக்கலுக்கு முந்தின நாள் எங்கள் தெரு முழுக்க இதே நெடிதான். டாக்டர் ‘ஏஜ்டு’ என்று எழுதிவிட்டால் மறுநாள் குழிக்குள் இறங்க முடியாது. அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு எங்கள் தெருவில் வேறு அர்த்தம் கிடையாது.

அப்பா தலை, மீசை, புருவம் எல்லாவற்றையும் கருப்பாக்கிக்கொண்டு போனார். டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னார். நெஞ்சு முழுக்க வெள்ளை முடி.

வீட்டுக்கு வந்து சீட்டை நீட்டினார். “இன்னா எழுதிக்கிறாருன்னு படிடா.”

படித்தேன்.

“அவ்ளோதான், எழுந்திருங்க” என்றாள் மனைவி.

நான் பனியனைக் கழற்றினேன்.

“இங்கயும் பூசு.”