சுவரைப் பார்த்த கதிரை

எங்கள் நானா மௌத்தாகி ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்தால் அழுகைக்கு முன்னால் பெருமைதான் முந்திக்கொண்டு வருகிறது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

நானா மன்னாரில், எங்கள் உம்மா வாப்பாவுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியதில், உடுத்த உடுப்போடு ஊரை விட்டு வந்தபோது அவருக்கு வயது பதினேழு. வந்த அடுத்த வருடமே வாப்பாவையும் பறிகொடுத்தோம். புத்தளத்துக்குப் பக்கத்து முகாமில் ஒரு தென்னோலைக் கிடுகுக் கொட்டில். உம்மா, அக்காவான ராத்தா, கடைசியாகத் தங்கச்சி நான். எங்கள் மூவரையும் உப்பளத்தில் கூலிக்கு நின்று காப்பாற்றியவர் நானா.

சவூதியிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் வேண்டாம் என்று போட்ட வீடியோ கெமராவைத் திருத்தியெடுத்து, முகாமில் நடந்த கல்யாணங்களையெல்லாம் அவர்தான் பிடித்தார். பெண்கள் பக்கத்தை நான் பிடிப்பேன். நானா வெளியே நின்று லைட்டைத் தூக்கிப் பிடிப்பார். அவருடைய கல்யாணத்துக்கு மட்டும் வீடியோ இல்லை. கெமரா வைத்திருந்தவரே மாப்பிள்ளையாகிவிட்டால் யார் பிடிப்பது? மதினி இன்றைக்கும் அதைச் சொல்லிக் குறைப்படுவார்.

கொட்டில்கள் ஒழுகும். கசட்டை வாங்கிய வீட்டார் நாலு நாள் பார்த்துவிட்டு, "உங்கட தகரப் பெட்டியில கிடக்கட்டும், மகன்" என்று திருப்பிக் கொண்டுவந்து தருவார்கள். அப்படிச் சேர்ந்ததுதான் நானாவின் அலுமாரி நிறைந்த கசட்டுகள். பிறகு கல்வீடு வந்தது, கைத்தொலைபேசி வந்தது, கசட்டை எல்லோரும் மறந்தார்கள். நானா மறக்கவில்லை. ஒருநாள் ஒன்றைத் திறந்து பார்த்தவர், நாடாவில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்ததைக் கண்டு இடிந்துபோனார்.

"இதுல உள்ள ஆக்கள்ல பாதிப்பேர் மௌத்து. ஊர்ல எடுத்த படமும் ஒருத்தர்ட்டயும் இல்ல. இதுவும் போனா என்ன இருக்கு?" என்றார்.

அன்று தொடங்கினார். கசட் ஓட்டும் பழைய வீடியோ டெக் இரண்டைத் தேடிப் பிடித்து, ஒன்றின் உறுப்பைக் கழற்றி மற்றதற்குப் போட்டார். பூஞ்சணத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, கசட்டை ஓடவிட்டுக் கணினியில் ஏற்றினார். அவருக்குச் சிறுநீரகம் பழுதென்று வைத்தியர் சொன்னது அதற்குப் பிறகுதான். வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி, மிச்ச நாள் கசட்.

பெண்கள் பக்கத்துப் படம் வந்தால் ஒரு வேலை நடக்கும். நானா டெக்கை முடுக்கிவிட்டு, தன் கதிரையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வார். திரையின் முன்னால் நான்.

"கோடு விழுதா, புள்ள?"

"ஓம் நானா, கீழ விழுது."

கையை மட்டும் பின்னால் நீட்டித் திருகாணியைத் தடவித் திருகுவார்.

"இப்ப?"

"இப்ப நல்லம்."

மணிக்கணக்காக இப்படி. "இருபத்தஞ்சு வருசத்துக்கு முந்தின படம் நானா, அந்தப் பொம்புளையெல்லாம் கிழவியாகிட்டாங்க, திரும்புங்க" என்று நான் கேலி செய்தாலும் அசையமாட்டார். "என்ன நம்பித் தந்தவங்க" என்பார், அவ்வளவுதான். ஒரு வீட்டுக் கசட்டை அவர் இன்னொரு வீட்டுக்குக் காட்டியதே இல்லை.

கண்டக்குழியிலிருந்து ஒரு மாமி வந்தார். கடலுக்குப் போய் மௌத்தான கணவரின் குரல் தன் மகளின் கல்யாணக் கசட்டில் இருக்கிறதாம். கசட்டை உப்புப் பரணிக்குள் புதைத்து வைத்திருந்தார்! "உப்பு ஈரத்த இழுக்கும்தானே மகன், அதான்" என்றார். இழுத்த ஈரமெல்லாம் கசட்டுக்குள்தான் இறங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நானா என்னை முறைத்தார். உப்பில் வெந்த கைகள் அவருடையவை, உப்பின் குணம் அவருக்குத் தெரியும். துருப்பிடித்த கூட்டை உடைத்து, நாடாவை விரல் விரலாகத் துடைத்து, வேறு கூட்டில் மாற்றி ஓடவிட்டார். மாமியின் கணவர் திரையில் வந்து, "சோறு வைங்க, மாப்புள வீட்டாக்கள் வந்துட்டாங்க" என்று சத்தம் போட்டார். மாமி நானாவின் தலையில் கைவைத்து ஓதினார். அந்தத் துஆ போதும் என்றார் நானா.

இவ்வளவு செய்தவர், எங்கள் ராத்தாவின் கல்யாணக் கசட்டை மட்டும் தொடவில்லை. உம்மா உயிரோடு நடமாடும் ஒரே படம் அது. நான் கெஞ்சினேன், சண்டையும் பிடித்தேன். "ஊராக்கள் நம்பித் தந்த அமானிதம் முதல்ல. நம்மடது கடைசியில" என்றார். டெக்கும் நானாவும் ஒன்றாகத் தேய்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரிந்ததால்தான் அந்தக் கோபம். அதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

அலுமாரியில் ஒரேயொரு கசட் மிஞ்சியிருந்தபோது நானாவை ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள். கட்டிலில் கிடந்தபடி சொன்னார்: "முன்னுக்கும் பின்னுக்கும் ஒருக்கா ஓட்டிட்டு பிளேய அமத்து. கோடு விழுந்தா பயப்புடாத, மெல்லமாத் திருகு." மூன்றாம் நாள் அல்லாஹ்விடம் போய்விட்டார்.

அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய அயலவர்களுக்கும், கடைசி வரை கைவிடாமல் பார்த்த தாதிகளுக்கும், ஜனாஸாவைச் சுமந்த தோள்களுக்கும், வருடம் முழுவதும் மதினியைத் தனியே விடாத குறிஞ்சிப்பிட்டிச் சொந்தங்களுக்கும் எங்கள் நன்றி. எங்கள் அலுமாரியிலுள்ள கசட்டுகளுக்கு இன்னும் பிரதி வாங்காத வீட்டார் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் அமானிதம் பத்திரமாக இருக்கிறது. நானா அடங்கியிருக்கும் கப்றை அல்லாஹ் விசாலமாக்கி வைக்கக் கேளுங்கள்.

இந்த மலரின் அட்டைப்படத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பின் மதினியும் நானும் அந்தக் கடைசிக் கசட்டைப் போட்டோம். கோடு விழுந்தது, திருகினேன். உம்மா வந்தார். பூத்தட்டோடு நின்று, "ஆடாமப் புடி புள்ள" என்று பதினான்கு வயது என்னை ஏசினார். அப்போது காற்றுக்கு வாசல் திரை விலகியது. வெளியே லைட்டை உயர்த்திப் பிடித்தபடி, எங்களுக்கு முதுகு காட்டி, ஓலை வேலியைப் பார்த்துக்கொண்டு நானா.

"கெமராவுல சிவப்பு லைட்டு எரியுதா, புள்ள?"

நான் திரையைப் பார்த்து, "ஓம் நானா" என்றேன்.

அந்தப் படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டியெடுத்துத்தான் அட்டையில் போட்டிருக்கிறோம். முகம் தெரியவில்லையே என்று யாரும் குறை நினைக்க வேண்டாம். நானா திரும்பமாட்டார்.