ஊசி போட்டவளும் கொடுத்து வைத்தவளும்

எனக்குப் பொறாமை கொஞ்சம் அதிகம். பக்கத்து வீட்டுக் குழாயில் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் தண்ணீர் வந்தால்கூட வயிறு எரியும். ஆனால் ஏசி அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்து, கொரோனா இரண்டாவது அலையில் மாதக் கணக்கில் எரிந்தேனே, அதற்கு முன்னால் அப்படி வேறு எதற்கும் நான் எரிந்ததில்லை. அவள் என் தோழி வேறு.

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக நர்சிங் படித்தவர்கள். விழுப்புரத்தில் அடுத்தடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டு, திண்டிவனத்தில் ஒரே தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தோம். ஒரே பஸ்ஸில் போய் வருவோம். அவள் ஜன்னல் ஓரம், நான் அவளுக்குப் பக்கத்தில். ஜன்னல் ஓரம் எனக்கும் பிடிக்கும், ஆனால் ஒரு நாளும் அவள் கேட்டதில்லை.

தடுப்பூசி வந்த புதிதில் பெரிய டாக்டர் எல்லோரையும் கீழ்த்தளத்துக்குக் கூப்பிட்டார். சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"ஊசி போட்டுக்காதவங்க வார்டுக்குள்ள கால வைக்கக் கூடாது. இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிட்டு வீட்டுக்குப் போலாம்."

நான் அன்றைக்கே வரிசையில் நின்று கையை நீட்டிவிட்டேன். தைரியம் என்று நினைக்க வேண்டாம். காய்ச்சல் வார்டு திறந்தபோதே என் மகளைக் கண்டாச்சிபுரத்தில் என் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தேன். அவளுக்கு அப்போது இரண்டரை வயது. என் கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வழியில்தான் இருப்பார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, நான் நோயைக் கொண்டுவந்து அதற்குக் கொடுத்துவிடுவேனோ என்ற பயம் வேறு. ஊசி போட்டுக்கொண்டால் வாரம் ஒரு தடவையாவது போய்ப் பார்க்கலாம், சீக்கிரமே கூட்டியும் வந்துவிடலாம் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கில்தான் மண் விழுந்தது.

தோழி ஊசி போட்டுக்கொள்ளவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. புதுச்சேரியில் ஒரு டாக்டரம்மாவிடம் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஊசி போட்டால் கர்ப்பப்பை சுருங்கிவிடும் என்று யாரோ போனில் அனுப்பியதை அவள் மாமியார் தெருவுக்கே போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நீயும் நர்சுதானேடி, அது பொய்யின்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும். எங்க மாமியாருக்கு நீ வந்து சொல்லு பாக்கலாம்" என்றாள். அடுத்த நாள் முதல் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்குக் கிடைத்தது.

அவளைப் போலவே இன்னும் சிலர் நின்றுவிட்டார்கள். ஒருத்தி துணிக்கடையில் பில் போடப் போனாள். ஒரு ஆயாம்மா, "இந்த வயசுக்கு மேல எனக்கு எதுக்கும்மா பேஜாரு" என்று சொல்லிவிட்டுப் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார். ஊரில் ஊசிக்கு அப்போது அவ்வளவு பயம். இவர்கள் போன கையோடு இரண்டாவது அலை வந்தது. கட்டில் போதவில்லை, ஆக்சிஜன் போதவில்லை, எல்லாவற்றுக்கும் மேலாக ஆள் போதவில்லை. மூன்று பேர் பார்க்க வேண்டிய வார்டை நான் ஒருத்தி பார்த்தேன். அந்தக் கவச உடையைப் போட்டுக்கொண்டால் மூக்கு அரித்தால் சொறிய முடியாது, தாகம் எடுத்தால் குடிக்க முடியாது. கழற்றும்போது உள்ளே போட்டிருக்கும் துணியைப் பிழியலாம்.

ஆள் பஞ்சம் தாங்காமல் மேட்ரன் ஒரு யோசனை செய்தார். நின்றுபோனவர்களுக்கு எல்லாம் போன் போட்டுத் திரும்பக் கூப்பிட்டார். அவர்களில் நாலைந்து பேர் வந்தார்கள், என் தோழியும் வந்தாள். அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். ஆனால் பெரிய டாக்டர் போட்ட சட்டம் அப்படியே இருந்தது. ஊசி போடாதவர்கள் வார்டுக்குள் போகக் கூடாது. அதனால் அவர்களை எங்கே வைப்பது? பில் கவுண்டரில் ஒருத்தி, மருந்து ஸ்டோரில் ஒருத்தர். தோழிக்கு ஸ்கேன் அறை. பகல் டியூட்டி மட்டும்தான். ராத்திரியும் வார்டும் எங்களுக்கு. நான் முறையிட்டபோதெல்லாம் மேட்ரன் ஒரே பதிலைச் சொன்னார்:

"இன்னாம்மா பண்ணச் சொல்றே? நீதான் ஊசி போட்டவளாச்சே!"

ஏதோ நான் கிரீடம் வைத்துக்கொண்டவள் மாதிரி. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சும்மாவா சொன்னார்கள். நான் படைக்கு முந்திப் போய் நின்றுவிட்டேன்.

வார்டிலிருந்து லிஃப்டுக்குப் போகிற வழியில்தான் ஸ்கேன் அறை. கதவில் சின்னக் கண்ணாடி இருக்கும். தினமும் அதன் வழியாக எட்டிப் பார்ப்பேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பேன். தோழி உட்கார்ந்திருப்பாள். ஸ்கேன் மிஷினுக்காகப் போட்ட ஏசி அவளுக்கும் சேர்த்து வீசும். தலையில் மல்லிகைப் பூ, மடியில் போன். ஒரு நாள் மல்லாட்டை உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள். வேகவைத்த வேர்க்கடலை. என்னைப் பார்த்ததும் ஒரு கைப்பிடி அள்ளி, "வேணுமாடி?" என்று ஜாடை காட்டினாள். முகமூடியும் கண்ணாடியும் அதன் மேல் ஒரு கவசமும் போட்டிருக்கிறவள் எதைத் தின்ன? நோகாமல் நொங்கு தின்பது என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு பெரியவருக்கு ஊசி கொஞ்சம் அழுத்திப் போட்டுவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

வார விடுமுறை இல்லை. ஊரடங்கில் பஸ்ஸும் இல்லாமல் போனது. ஆஸ்பத்திரி வேனில் போய் வேனில் வந்தோம். மகளை வீடியோ காலில்தான் பார்த்தேன். அண்ணி இடுப்பில் உட்கார்ந்திருப்பாள். அண்ணி பின்னிவிட்ட இரட்டைச் சடை, அண்ணி தைத்துக் கொடுத்த கவுன். முதல் மாதம் போனைப் பிடுங்கி முத்தம் கொடுத்தாள். பிறகு அண்ணி சொன்னால் கொடுத்தாள். பிறகு போனைப் பார்த்ததும் அண்ணி தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "தூக்கம் வருதும்மா அதுக்கு" என்பார் அண்ணி. காலையில் பத்து மணிக்கு என்ன தூக்கம்? அண்ணி நல்லவர், என் மகளைத் தன் பிள்ளைகளைவிட ஒரு படி மேலாகப் பார்த்துக்கொண்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் மகள் என்னை மறந்துகொண்டிருந்தாள். எனக்கு ஒரே ஒரு முழு நாள் வேண்டும், போய் அவளை மடியில் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

பஸ் திரும்ப ஓடத் தொடங்கியது. அலை ஓய்ந்தது, ஆனால் ஆள் சேரவில்லை. வார்டும் ராத்திரியும் அதே மாதிரி எங்கள் தலையில். ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் எனக்கும் தோழிக்கும் ஒரே நேரத்தில் டியூட்டி முடிந்தது. வெகு நாளைக்குப் பிறகு ஒன்றாக பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரத்தில் அவள்தான் போய் உட்கார்ந்தாள். விக்கிரவாண்டி டோல்கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். நான் முன்னால் சாயாமல் இருக்க அவளுடைய மேல்கையை இறுக்கிப் பிடித்தேன்.

"ஐயோ" என்று துடித்துவிட்டாள்.

ரவிக்கைக்கு மேலேயே சூடு தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன், வீங்கிக் கட்டியாக இருந்தது. கண்ணில் லேசாகக் காய்ச்சல் பளபளப்பு. எங்கள் ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்கு நானே போட்டு, மறுநாள் அவர்கள் இதே கையைத் தடவிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாதா?

"எப்பப் போட்டுக்கினே?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நேத்து. இரும்பையில எங்க அம்மா வூட்டாண்ட கேம்ப்பு போட்டாங்க."

"மொத ஊசியா?"

"ரெண்டாவது."

முதல் ஊசியை அலை உச்சத்தில் இருந்தபோதே, அம்மாவைப் பார்க்கப் போன இடத்தில் போட்டுக்கொண்டிருக்கிறாள். தெரிந்தவர்கள் இரண்டு பேர் செத்துப்போனதும் பயந்துவிட்டாளாம். புருஷனுக்குத் தெரியாது, மாமியாருக்குத் தெரியாது. தெரிந்தால் வீட்டை விட்டே துரத்துவார்களாம். அதெல்லாம் எனக்குப் புரிந்தது.

"வூட்ல மறைச்சே, சரி. ஆஸ்பத்திரியில இன்னாத்துக்குடி மறைச்சே?"

சின்னதாகச் சிரித்தாள். "ஸ்கேன் ரூமு சில்லுன்னு இருக்குதுடி. நீங்கள்லாம் வெந்து வெளிய வர்றத நான் தினமும் பாத்துக்கினுதானே இருந்தேன். சொன்னா என்னயும் உள்ள தள்ளிடுவாங்கல்ல?"

அந்தக் கண்ணாடி வழியாக அவளும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் உடம்பெல்லாம் எரிந்து நின்ற அத்தனை நாளும் என்னை மாதிரியே ஊசி போட்ட உடம்போடு உள்ளே உட்கார்ந்து மல்லாட்டை தின்றிருக்கிறாள். பஸ் என்றும் பார்க்காமல் அறைந்திருப்பேன். அதைவிட உபயோகமான ஒன்று தோன்றியது.

"வர்ற ஞாயித்துக்கெழம எனக்கு லீவு வேணும். என் டியூட்டிக்கு நீ உள்ள போற."

"எப்படிடி? மேடம் கேப்பாங்களே?"

"போட்டுக்கினேன்னு சொல்லு."

"வூட்டுக்குத் தெரிஞ்சிடும்டி!"

"ஆஸ்பத்திரியில கட்டாயமா போட்டு வுட்டுட்டாங்கன்னு சொல்லு. பெரிய டாக்டர் போட்ட ரூல்தானே? உங்க மாமியார் அவரத் திட்டட்டும், அவருக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது. நீயா சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

அவள் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். இன்றைக்கும் அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவள் மேட்ரனிடம் சொன்னாள். மேட்ரன் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எல்லோரையும் கூப்பிட்டு, "பாத்தீங்களா, வூட்ல அவ்ளோ எதிர்ப்பு இருந்தும் தானா முன்வந்து போட்டுக்கினா. வார்டுக்கும் நானே போறேன்னு சொல்றா" என்றார். கை தட்டினார்கள். நான் முதல் நாளே வரிசையில் நின்றேனே, எனக்கு யார் தட்டினார்கள்? கொடுத்து வைத்தவள் எங்கே விழுந்தாலும் மெத்தையில்தான் விழுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் தட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் போதும் எனக்கு.

கிடைத்தது. விடிந்ததும் தலைக்குக் குளித்து, புதுப் புடவை கட்டிக்கொண்டு கண்டாச்சிபுரம் பஸ் பிடித்தேன். பையில் மல்லாட்டை உருண்டையும், ரப்பர் பந்தும், அழுத்தினால் கத்துகிற ஒரு வாத்தும் இருந்தன. வழியெல்லாம் ஆடிக்கூழுக்கு மைக் செட் அலறிக்கொண்டிருந்தது. எனக்கு அது எனக்காகவே பாடுவது போல இருந்தது. ஜன்னல் ஓரத்து சீட் வேறு.

அண்ணன் வீட்டு வாசலில் அண்ணி கிண்ணத்தோடு உட்கார்ந்து என் மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். என் மகள் வளர்ந்திருந்தாள். போனில் அது தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தவள், நான் வருவதைப் பார்த்தாள். பார்த்த கணம் அண்ணி கையிலிருந்த சோற்று உருண்டையை அவளே பிடுங்கி வாயில் போட்டு, மெல்லாமல் முழுங்கினாள். தொண்டையில் அடைத்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்படியே ஓடி அண்ணி முதுகுக்குப் பின்னால் போனாள். அங்கிருந்து என்னிடம் வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினாள்.

"சாப்ட்டேன். ஊசி வேணாம்" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அண்ணி எழுந்து நின்று புடவையைச் சரிசெய்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதம்மா. ஒரு வாய் சோறு திங்க மாட்டேங்குது. உங்கம்மா ஊசி எடுத்துக்கினு வர்றாங்கன்னு சொன்னாத்தான் வாயத் தொறக்குது. எல்லா வூட்லயும் சொல்றதுதானே... வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்."

எல்லா வீட்டிலும் சொல்வதுதான். நானே எத்தனையோ பேருடைய பிள்ளைகளை அப்படி மிரட்டியிருக்கிறேன். அண்ணியிடம் நான் எப்படிக் கோபப்படுவது? அண்ணியின் புடவையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டிருந்த அந்தச் சின்ன விரல்களைப் பார்த்தேன். ஸ்கேன் அறைக் கண்ணாடியில் நான் எரிந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பையைத் தரையில் வைத்துவிட்டு மண்டி போட்டேன். இரண்டு கையையும் விரித்து, திருப்பித் திருப்பிக் காட்டினேன்.

"பாரு கண்ணு, அம்மா கையில ஒண்ணுமே இல்ல."

என் மகள் மெதுவாக எட்டிப் பார்த்தாள். என் வலது கையைப் பார்த்தாள், இடது கையைப் பார்த்தாள். பிறகு கீழே இருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் புடவைக்குள் முகத்தை மூடிக்கொண்டு கேட்டாள்:

"பையில?"