ஆட்டுப் பாதையில் ஒரு கியர் சைக்கிள்

கல்யாணமாகி நான் கோவில்பட்டிக்கு வந்த வருடமே என் வீட்டுக்காரர் மதுரையிலிருந்து ஒரு கியர் சைக்கிளை பஸ் கூரையில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார். தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் அப்படி ஒரு வண்டியைப் பார்த்ததில்லை. டயர் இரண்டும் தடியாக, முண்டு முண்டாக இருந்தன. கேரியர் இல்லை, செயின் கவர் இல்லை, மட்கார்டுகூட இல்லை. என் மாமியார் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதுல அரிசிப் பைய எங்கன வைப்ப?"

"இது அரிசி வாங்கப் போற வண்டி இல்லம்மா."

"பின்ன எதுக்கு?"

அவர் பழைய பனியனால் கம்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவருக்கு ஸ்பின்னிங் மில்லில் மெஷின் பராமரிப்பு வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதே ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும். பேப்பரைப் பிரித்தால் முதல் பக்கத்தோடு மடித்துவிடுவார். சைக்கிள் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் கிளம்பிப் போய்விடுவார். வேதக்கோயிலில் ஆராதனை முடிந்து நானும் மாமியாரும் வீட்டுக்கு வந்து சமைத்து வைத்த பிறகுதான் வருவார். சட்டையெல்லாம் செம்மண், கையெல்லாம் முள் கீறல். ஆனால் முகம் மட்டும் கொஞ்சம் இறுக்கம் விட்டிருக்கும்.

"அவன் எங்க போறான்னு நீதான் கேக்கணும்" என்று மாமியார் என்னிடம் சொன்னார். தான் கேட்டால் சண்டை வரும் என்று அவருக்குத் தெரியும்.

நான் கேட்டேன். "குருமலைக் காட்டுக்கு" என்றார்.

"அங்கன என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

அந்தப் பதிலை என்னால் விட முடியவில்லை. அவரைக் குறை சொல்லும் அளவுக்கு நானும் ஒன்றும் அமைதியானவள் இல்லை. நான் பிறந்தது புதியம்புத்தூர். எங்கள் வீட்டின் முன்பாதி முழுக்கத் தையல் மெஷின்கள். காலையில் மோட்டார் போட்டால் பொழுது சாயும்வரை இரைச்சல்தான். பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து நான் அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்து காலர் தைத்தவள். இங்கே மூன்று பேருக்குச் சமையல், கொஞ்சம் துணி. பாதிக் காலையிலேயே வேலை தீர்ந்துவிடும். வாசலைத் திறந்து தெருவைப் பார்ப்பேன், மூடுவேன், பின்கட்டுக்குப் போவேன், மறுபடி வாசலுக்கு வருவேன். மாமியார் ஒருநாள், "என்னத்தயும் தொலைச்சிட்டியாட்டி?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு அடுப்பில் ஒன்றுமில்லாத பாத்திரத்தைத் திறந்து பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு டீச்சரின் லேடீஸ் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நானும் கிளம்பினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "முள்ளு குத்துனா அழப்படாது" என்று மட்டும் சொன்னார்.

ஊரைத் தாண்டி, பருத்தி போட்டிருந்த கரிசல் காட்டு வண்டிப்பாதையில் வெகுதூரம் போனோம். குன்று நெருங்க நெருங்க மண் நிறம் மாறிச் சரளையானது. மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இடுப்புயர விராலிச் செடி, நடுநடுவே குடை பிடித்த மாதிரி உடைமரம், கள்ளி, சூரைமுள். பார்த்த இடமெல்லாம் வெளிறிய பச்சை. அதற்குள் ஆடுகள் நடந்து நடந்து போட்ட பாதைகள் ஓடின. ஒரு ஆட்டின் அகலம்தான் இருக்கும். ஒரு பாதை இரண்டாகும், இரண்டும் ஒரு செடியைச் சுற்றிக்கொண்டு ஒன்றாகும், கொஞ்ச தூரத்தில் மூன்றாகும். அவர் பெடலில் எழுந்து நின்றுகொண்டு அதில் போய்க்கொண்டே இருந்தார். ஒரு சரிவில் இறங்கி மறைந்து, எங்கோ தொலைவில் செடிகளுக்கு மேல் தலை மட்டும் தெரிய ஏறினார். மில்லிலோ வீட்டிலோ அவர் உடம்பில் நான் அப்படி ஒரு நேர்த்தியைப் பார்த்ததில்லை.

லேடீஸ் சைக்கிள் முதல் சரிவிலேயே செயின் கழன்று நின்றுவிட்டது. என் சேலை முந்தி சூரைமுள்ளில் மாட்டிக் கிழிந்தது. திரும்பி வந்த அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இறங்குங்க. நான் ஒரு தடவ ஓட்டிப் பாக்குதேன்."

"சேலையோடயா?"

சேலையை வரிந்து செருகிக்கொண்டு ஏறினேன். இரண்டு முறை விழுந்தேன். மூன்றாம் முறை கியர் விழும் சத்தம் கேட்டது, பெடல் சட்டென்று லேசானது, மேடு எனக்குக் கீழே போய்விட்டது. மேட்டின் உச்சியில் நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. அப்படியே மறுபக்கம் இறங்கிவிட்டேன். அவர் பின்னாலிருந்து பிரேக், பிரேக் என்று கத்தியது கேட்டது.

அந்த வாரமே அவருடைய பழைய பேண்ட் இரண்டைப் பிரித்து, எனக்குத் தளர்வாக ஒரு பேண்ட் தைத்துக்கொண்டேன். முட்டியில் இரட்டைத் துணி வைத்தேன். ஊர் தாண்டும்வரை அதன்மேல் பாவாடை. அதன்பிறகு ஞாயிறுதோறும் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில்தான். பாரில் என்னை உட்காரவைத்து அடிவாரம்வரை ஓட்டுவார். மேலே போனதும் ஒருவர் ஓட்ட, ஒருவர் நடப்போம். ஆராதனைக்குச் சாயங்காலம் போய்க்கொள்ளலாம் என்று மாமியாரைச் சமாதானம் செய்திருந்தோம். அவர் சமாதானம் ஆகவில்லை.

ஐப்பசி மழை ஒரு வாரம் அடித்து ஓய்ந்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. போகவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஆனால் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த ஒரு வாரத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறாத குறை. கிளம்பிவிட்டோம். அவர் சைக்கிளில் முன்னால் இறங்கினார், நான் நடந்து வந்தேன். சரிவின் அடியில் ஓர் ஓடை. எப்போதும் காய்ந்து மணலாகக் கிடக்கும், அப்படியே கடந்துவிடலாம். மழை அந்தக் கரையை அரித்துக்கொண்டு போயிருந்தது. நான் வளைவு திரும்பிப் பார்த்தபோது சைக்கிள் மட்டும் மேலே கிடந்தது. அவர் கீழே இருந்தார். வலது கால் முட்டிக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது.

அவர் கத்தவில்லை. "தொடாத" என்றார். பிறகு, "நீ போயி யாரயாவது கூட்டிட்டு வா. வந்த வழியே போ" என்றார்.

தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டு, திரும்பியிருந்த ஹேண்டில்பாரை முட்டிக்கிடையில் வைத்து நேராக்கி, ஏறினேன். வந்த வழி எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஆனால் எதிர்த்திசையில் போகும்போது ஒரு செடியும் தெரிந்த செடியாக இல்லை. பாதை பிரிந்த இடத்தில் இடது பக்கம் போனேன். அது ஒரு உடைமரத்தடியில் போய் நின்றது. ஆடு அங்கே இலை தின்றுவிட்டுத் திரும்பியிருக்கும். இன்னொன்றில் போனேன், அது என்னைக் குன்றின் வேறு பக்கமாக இறக்கி, வண்டிப்பாதை இல்லாத ஈரக் கரிசலில் கொண்டுபோய் விட்டது. பத்து முழம் போவதற்குள் டயரில் களிமண் அப்பி சக்கரம் சுற்றவே இல்லை. குச்சியால் நோண்டினேன், மறுபடி அப்பியது. கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். அதை அங்கேயே போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போதுதான் தூரத்தில் ஆட்டு மணிச் சத்தம் கேட்டது. என் வயதுக்காரி ஒருத்தி, ஒரு கூட்டம் வெள்ளாடுகளோடு நின்றுகொண்டிருந்தாள். நான் கை காட்டியதும் அவள் ஆடுகளை விரட்டிக்கொண்டு செடிகளுக்குள் ஓடத் தொடங்கினாள். காப்புக்காட்டில் ஆடு மேய்க்கக் கூடாது. பேண்ட் போட்ட ஒரு பொம்பளை தோளில் எதையோ தூக்கிக்கொண்டு வந்தால் வனத்துறை ஆள் என்றுதானே நினைப்பாள்.

"நான் ஃபாரஸ்ட்காரி இல்லக்கா. எங்க வீட்டுக்காரவிய ஓடைக்குள்ள காலு ஒடிஞ்சி கெடக்காவ" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அழுகை அப்போதுதான் வந்தது.

அவள் நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஆடுகளை என்னிடம் விட்டுவிட்டு, "இங்கனயே நில்லு, ஒண்ணையும் கீழ பருத்திக்குள்ள விட்றாத" என்று சொல்லிவிட்டு அடிவாரத்து ஊருக்குள் ஓடினாள். கணவர் அங்கே கால் முறிந்து கிடக்க நான் இங்கே ஆட்டை மடக்கிக்கொண்டிருந்தேன். ஆடுகள் நிற்கவில்லை, நானும் நிற்கவில்லை. ஒருவிதத்தில் அதுவும் நல்லதற்குத்தான். சும்மா நின்றிருந்தால் என்ன ஆகியிருப்பேனோ.

அவளுடைய கொழுந்தனும் இன்னும் மூன்று பேரும் ஒரு நார்க்கட்டிலோடு வந்தார்கள். ஓடைக்கு அவள்தான் வழி காட்டினாள். நான் சுற்றிய சுற்றெல்லாம் வீண், அது மிகக் கிட்டத்தில்தான் இருந்தது. கட்டிலில் ஏற்றும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். நடந்துகொண்டே அவள் என்னிடம் கேட்டாள்.

"என்ன சோலியா இங்க வந்தீய?"

"சும்மா, சைக்கிள் ஓட்ட."

"சைக்கிள் ஓட்டி எங்க போவீய?"

"எங்கயும் இல்லக்கா. திரும்பி வீட்டுக்கு."

மற்றவர்கள் கட்டிலைத் தோள் மாற்றிக்கொண்டார்கள்.

மாவுக்கட்டு தை மாதம் தாண்டியும் இருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், படுத்த மனிதர் அமைதியாகிவிட்டார். பேப்பரைக் கடைசிப் பக்கம்வரை படித்தார். ரேடியோ கேட்டார். மாமியாரோடு உட்கார்ந்து உளுந்து புடைத்தார். எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை. சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. அதைக் கடக்கும்போதெல்லாம் பெடலை ஒரு மிதி மிதித்துச் சுற்றவிடுவேன். அந்த மாதங்களில் ஒருநாள் ஆட்டுக்காரி வீட்டுக்குக் கருவாடும் சேலையும் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தேன். கொடுத்தேன். கொடுத்துவிட்டு மேலே ஏறினேன்.

திரும்பி வந்தபோது மாமியார் வாசலில் நின்றார்.

"புருசன் கட்டுப் போட்டுக் கெடக்கான். அதே காட்டுக்கு, அதே வண்டிய எடுத்துட்டுப் போற. நல்லாருக்காட்டி இது?"

உள்ளே இருந்து அவர்தான் சொன்னார். "போயிட்டு வரட்டும்மா. வீட்டுக்குள்ள நடந்து நடந்து சிமிட்டித் தரையத் தேய்ச்சுட்டா."

அதன்பிறகு நான் அடிக்கடி போனேன். ஆரம்பத்தில் அவர் விசாரிப்பார். ஓடைக்கரை எப்படி இருக்கிறது, மயில் வந்ததா, மான் பார்த்தாயா. நான் புதிதாகக் கண்டுபிடித்த பாதைகளை உற்சாகமாகச் சொல்வேன். ஓடைக்கு இறங்காமலே குன்றைச் சுற்றிவர ஒரு வழி அகப்பட்டிருந்தது. சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்குவதைக் கவனிக்கக் கொஞ்ச நாளானது. பிறகு அவர் கேட்பதும் குறைந்தது, நான் சொல்வதும் குறைந்தது.

கட்டுப் பிரித்து, கால் தேறி, கோடை தொடங்கியபோது ஒரு ஞாயிறு அவரை அழைத்துக்கொண்டு போனேன். சைக்கிளை அவர் கையில் கொடுத்தேன். ஏறினார். சரிவின் தலைப்புவரை போனார். அங்கே ஒரு காலை ஊன்றி நின்றார். வெகுநேரம் நின்றார். கைகள் பிரேக்கை விடவே இல்லை.

"இறங்கிப் பாருங்க. இப்ப மண்ணு காஞ்சிருக்கு."

"வேண்டாம்" என்றார். "எனக்கு அது போயிருச்சு. நீ ஓட்டு."

"பயமாயிருக்கா?"

"பயம் இல்லட்டி. ஓட்டணும்னு தோணல. அவ்வளவுதான்."

நான் அவரை நம்பவில்லை. வீடு வரும்வரை சண்டை போட்டேன். ஆனால் நாளடைவில் அது உண்மைதான் என்று தெரிந்தது. அவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது எதுவோ, அது அவரை விட்டு இறங்கிப் போயிருந்தது. அடுத்த வருடம் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார், ஆராதனைக்கு என்னையும் மாமியாரையும் மாற்றி மாற்றிக் கூட்டிப்போனார். தெருவில் நல்ல மனிதராகிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.

நான் விடவில்லை. மகள் வயிற்றில் இருந்தபோதும், பிறந்து தவழும்வரையும் நிறுத்தினேன். பிறகு மறுபடி கிளம்பினேன். ஒருமுறை வனத்துறைக் காவலர் ஒருவர் வழிமறித்தார். பல மாதங்களாக அந்த டயர் தடத்தைப் பின்தொடர்ந்து, மான் அடிக்கிற கூட்டம் எதுவோ புது வண்டியில் வருகிறது என்று காத்திருந்தாராம். என்னைப் பார்த்ததும் ஏமாற்றமாகிவிட்டது.

"கவுதாரி முட்டையிடுற காலம். தரையிலதான் இடும். உள்ள சுத்தாதீங்க, அந்த ஓரப் பாதையோட போயிட்டு வந்துருங்க" என்றார். அது நியாயமாகப் பட்டதால் ஓரப் பாதையோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் ஓரப் பாதை எனக்குப் போதவில்லை. உள்ளே போகும் ஒவ்வொரு ஆட்டுத் தடத்தையும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன்.

சில வருடங்களில் அவருடைய மில் நொடித்தது. கோயம்புத்தூரில் வேலை கிடைத்து ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. சாமான் ஏற்றுவதற்கு முந்திய ஞாயிறு நான் கடைசியாகப் போனேன். சாயங்காலம் மகளை முன்னால் உட்காரவைத்து மோட்டார் சைக்கிளில் வீடுவரை எனக்குத் துணையாக வர அவர் அடிவாரத்துக்கு வந்திருந்தார். எப்போதும் நான் இறங்கும் தெற்குப் பக்கத்தைப் பார்த்தபடி இருவரும் நின்றார்கள். அன்று நான் வேறு ஒரு தடத்தில் இறங்கி அவர்களுக்குப் பின்னால், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வந்துவிட்டேன். மகள் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள், அவர் பொறுமையாகக் குன்றைக் காட்டிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. நான் கூப்பிடவில்லை. சத்தமில்லாமல் சைக்கிளைத் திருப்பி, கியரை இறக்கிப் போட்டு, இன்னொரு தடவை ஏறினேன்.