சார்ஜா வரைக்கும் தாங்கும் மொட்டு

சத்தியமங்கலத்தில் கோவை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பக்கத்துப் பூக்கொட்டகைக்குள் நுழைகிறேன். சரஸ்வதியக்கா தெர்மாகோல் பெட்டியில் மல்லிகை மொட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார். கோவையில் விமானம் ஏறி நாலு மணி நேரத்தில் சார்ஜா போய் இறங்கப்போகிற பூ.

“சார்ஜா எவ்வளவு தூரமுங்க அக்கா?”

“கிலோமீட்டரெல்லாம் ஆரு கண்டாங்க தம்பி? மொட்டு வாய் தொறக்கறதுக்குள்ள போய்ச் சேரோணும். அவ்வளவு தூரந்தானுங்க.”

இந்தச் சொல்லை மனதில் முடிந்துகொள்ளும்போதே அக்காவுக்கு போன் வருகிறது. விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாம். வழியிலேயே விரிந்துவிட்டால் அங்கே யாரும் வாங்கமாட்டார்கள்.

அக்கா முகம் சுளிக்காமல், கட்டிய பெட்டியைப் பிரித்துக் கொட்டுகிறார். கண்ணை முந்திக்கொண்டு விரல் ஓடுகிறது. முனை கொஞ்சம் தளர்ந்த மொட்டெல்லாம் ஒதுங்க, இறுகியவை மட்டும் மறுபடி பெட்டிக்குள் போகின்றன. எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகின்றன.

பஸ் வந்துவிடுகிறது. ஒதுக்கியதில் ஒரு கை அள்ளி நீட்டுகிறார்.

“இந்தாங்க தம்பி. இது கோயமுத்தூரு வரைக்குந்தான் தாங்கும்.”

அன்னூர் தாண்டும்போதுகூட மூடியே இருக்கின்றன. கோவை காந்திபுரத்தில் இறங்கிக் கையைத் திறக்கிறேன். அத்தனையும் விரிந்திருக்கின்றன.