வீடு பார்க்கிறதுக்கும் காசோ?

வாங்கப்போகிற வீட்டில் எது நிற்கும், எது விழும் என்று முதலே பார்த்துச் சொல்வது என் தொழில். விற்கிறவருக்கு என்னைப் பிடிக்காது, வாங்குகிறவருக்கு என் கூலியைப் பிடிக்காது. இருபது வருசம் வீட்டுப் படம் கீறிக் கொடுத்த நான், இப்போது ஐந்தாறு வருசமாகத் தீவுப்பகுதியில் இதைத்தான் செய்கிறேன். விற்கிறவர் ஒரு நாட்டில், வாங்குகிறவர் இன்னொரு நாட்டில், இடையில் ஏணியோடு நானும் என்னோடு வேலை செய்யும் மேசன் அன்ரனும். வீடு வாங்கி ஒரு மாரிமழை கண்டவர்கள் உங்களில் இருந்தால் என் கதை சொல்லாமலே விளங்கும். மற்றவர்கள் இப்போதைக்குச் சிரிக்கலாம்.

மேலே போகிறவன்

கனடாவிலிருந்து ஓர் அண்ணை ரெலிபோன் எடுத்தார். புளியங்கூடலில் ஒரு மாடிவீடு பேசி முடித்துவிட்டாராம். செலவுப் பட்டியலை எனக்கு வாசித்தே காட்டினார். காணி உறுதி எழுத, பெயின்ற் அடிக்க, புதுவீட்டுக் குடிபூரலுக்கு ஐயர், மேளம், பந்தல், மேல்மாடியில் முந்நூறு பேருக்குப் பந்தி, வீடியோ, ட்ரோன். ஐஸ்கிறீம் வண்டிக்குக்கூட ஒரு வரி இருந்தது. வீட்டைப் பரிசோதிக்க ஒரு வரியும் இல்லை.

"அண்ணை, முந்நூறு பேரை ஏத்தமுதல் அந்த மேல்தட்டைத் தட்டிப் பாக்கவேணும். கூரையும் பாக்கவேணும். ஐஸ்கிறீமுக்கு ஒதுக்கினதிலை அரைவாசி போதும்" என்றேன். பேனையால் எதையோ வெட்டுகிற சத்தம் கேட்டது. ஐஸ்கிறீமைத்தான் வெட்டுகிறார் என்று சந்தோசப்பட்டேன். பிறகு சொன்னார்: "கூரையை ட்ரோன்காரன் பாப்பான் தங்கச்சி, அவன் எப்பிடியும் மேலைதானே போறான். தட்டை நீர் பந்தியிலை இருக்கேக்கை பாரும், சாப்பாடு என்ரை செலவு."

இனிக்கிற கிணறு

தீவில் வீடு பார்க்கப் போனால் சுவருக்கு முதல் கிணற்றைப் பார்க்கவேண்டும். சுவர் பிழைத்தால் திருப்பிக் கட்டலாம், தண்ணீர் உப்பென்றால் ஒன்றும் செய்ய ஏலாது. ஊர்காவற்றுறையில் ஒரு வீட்டுக்காரரிடம் இன்ன நாள் வருகிறேன் என்று முன்கூட்டியே சொன்னது என் பிழை. போனதும் ஒரு செம்பில் தண்ணீர் தந்தார். அப்படி ஓர் இனிப்பு. "இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் பிள்ளை எனக்குச் சீனி வருத்தமே வந்தது" என்று பெருமைப்பட்டார்.

தண்ணீரில் குளோரின் மணத்தது. படலையிலிருந்து கிணற்றடி வரை புதிதாக லொறிச் சில்லுத் தடம். வழியில் ஒரு செவ்வரத்தை சப்பளிந்து கிடந்தது. நான் மோட்டரைப் போட்டுவிட்டு, ஒரு மணித்தியாலம் ஓடட்டும் என்றேன். கால்மணித்தியாலத்திலேயே வீட்டுக்காரரின் முகம் வற்றத் தொடங்கியது. அரைமணித்தியாலத்தில் அவருடைய மனைவி குசினியிலிருந்து ஓடிவந்து சுவிச்சை நிற்பாட்டினார். "போதும் பிள்ளை! பவுசர் லொறிக்காரன் ஊத்தின தண்ணி முழுக்க முடிஞ்சால், பின்னேரம் நாங்கள் தேத்தண்ணிக்கு எங்கை போறது?"

நெடுந்தீவில் நாலு பேர்

பரிஸ் நகரத்திலிருந்து வந்த ஒரு தம்பி, நெடுந்தீவில் ஒரு பழைய ஓட்டுவீட்டை வாங்க நினைத்தார். குறிகட்டுவானில் படகேறும்போது அவருடைய சப்பாத்து வெள்ளையாக இருந்தது. இறங்கும்போது எப்படி இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. கதவில்லாத வீடு, ஐந்து அறை. அன்ரன் ஏணியைச் சாத்தினான், மழை கொட்டத் தொடங்கியது. எங்கிருந்தோ நாலு மாடுகள் வந்து, எங்களைத் திரும்பியும் பாராமல் விறாந்தையைத் தாண்டி, நாலு அறையையும் தாண்டி, கடைசி அறைக்குள் போய் நின்றன.

நாங்கள் முதலாம் அறையில் ஒதுங்கினோம். நான் குறிப்பெழுதிய கொப்பியில் ஒழுகியது. இரண்டாம் அறையில் தம்பியின் தலையில் ஒழுகியது. மூன்றிலும் நாலிலும் அதே கதை. கடைசியில் மாடுகளை மெல்லத் தள்ளிக்கொண்டு ஐந்தாவது அறைக்குள் நெருக்கியடித்து நின்றோம். ஒரு சொட்டு விழவில்லை. அன்ரன் மாடுகளை மரியாதையோடு பார்த்தான். "அக்கா, ரிப்போட்டிலை இவை நாலு பேரின்ரையும் கையெழுத்தை வாங்குங்கோ. எங்களுக்கு முதலே பாத்து முடிச்சது இவைதான்."

சாமிப்படச் சுவர்

மலர் அக்கா ஆஸ்பத்திரித் தாதி. இருபத்திரண்டு வருசத்தில் பதினொரு வாடகை வீடு மாறியவர். வேலணையில் ஒரு சின்ன வீடு சரிவந்தது. மறுநாள் அட்வான்ஸ் கொடுக்கவேண்டும். "தாலிக்கொடியும் அடைவுகடையிலை. உமக்குத் தர ஒண்டும் மிச்சமில்லை" என்றார். பிறகு தாருங்கோ என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன்.

வீட்டுக்காரர் இளைப்பாறிய வாத்தியார். சுவருக்கு அன்றுதான் அடித்ததுபோலப் பச்சைப் பெயின்ற். அதில் விளிம்போடு விளிம்பு முட்ட ஐந்து சாமிப்படங்கள். பிள்ளையார் முகட்டோடு, முருகன் கொஞ்சம் கீழே, இலட்சுமி இன்னும் கீழே, சரசுவதி அதற்கும் கீழே, ஆஞ்சநேயர் என் முழங்காலுக்கு நேரே. படிக்கட்டில் இறங்கி வருகிறமாதிரி. ஒன்றைக் கழற்றிப் பார்க்கலாமோ என்று கேட்டேன். "முழுகாமல் தொட ஏலாது" என்றார் வாத்தியார். அன்ரனின் கழுத்துச் சிலுவையைப் பார்த்து, "நீர் வேதம், நீரும் ஏலாது" என்றார். மலர் அக்கா, "நான் காலமை முழுகிப்போட்டுத்தான் வந்தனான்" என்று சொல்லிக்கொண்டே முருகனைக் கழற்றினார். பின்னால் விரல் போகிற அளவு வெடிப்பு. மற்றப் படங்களையும் கழற்றினால் மேலிருந்து கீழ்வரை ஒரே வெடிப்பு. பிள்ளையார் இருந்த இடத்தால் பக்கத்து வளவு முருங்கைமரம் தெரிந்தது. வாத்தியார் அசரவில்லை. "அவை அஞ்சு பேரும் பிடிச்சுக்கொண்டு நிண்டவை. நீங்கள் கழட்டிப்போட்டியள்" என்றார்.

மலர் அக்கா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வரவில்லை. அத்திவாரம் அந்தப் பக்கம் மட்டும்தான் இறங்கியிருக்கிறது, சுவரை இடித்துத் திருப்பிக் கட்டலாம், அந்தச் செலவை விலையில் குறைக்கக் கேளுங்கோ என்று சொன்னேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, கழற்றிய பிள்ளையாரைக் கையில் வைத்தபடியே வாத்தியாரிடம் பேரம் பேசினார். பிள்ளையாருக்கு முன்னால் வாத்தியாரால் பொய் சொல்ல முடியவில்லை. குறைத்தார். அன்ரன் புதுச் சுவர் கட்டினான். குடிபூரலுக்கு வாத்தியாரும் வந்து, ஒரே வரிசையில் தொங்கிய படங்களைப் பார்த்தார், சுவரைத் தட்டினார், என் காதருகே குனிந்தார். "சுவர் நல்லா நிக்குதுதான் பிள்ளை. ஆனா அவையளுக்கு இப்ப ஒரு வேலையும் இல்லாமப் போச்சுது."

செருப்பைப் போட்டு நாலு தரம் நடந்து பார்த்து வாங்குகிற எங்கள் சனம், வாழ்நாள் உழைப்பைக் கொட்டுகிற வீட்டை மட்டும் பெயின்ற் காய்வதற்கு முதலே வாங்கிவிடும்.