பஸ்லா கொடுத்த மாப்பு

பஸ்லாவுக்குத் தன் வாய்மேல் அபார நம்பிக்கை. பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படிக்கிறவள். பயிற்சிக்கு மாத்தளையிலேயே ஓர் அகதிகள் உதவி நிறுவனம் கிடைத்தது. பர்மாவிலிருந்து படகில் தப்பி வந்த ரொஹிங்யா குடும்பம் ஒன்றுக்கு அவர்கள் டவுனில் வாடகை வீடு தேடினார்கள். யாரும் தரவில்லை. பஸ்லாதான் தாய்மாமன் பதுர்தீனைப் பிடித்தாள். பலசரக்குக் கடைக்காரர், லேசில் மசிகிற ஆளில்லை. மருமகளின் நச்சரிப்புத் தாங்காமல் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டைத் திறந்துவிட்டார். "இவங்க ஓடிப்போனா பொலிஸுக்குப் பதில் சொல்றது நான்தான், மகள்" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சொல்லாமல் அவர்கள் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டார்கள் என்றாள் பஸ்லா.

அதில் பொய்யுமில்லை. அந்த வீட்டுப் பெண் ஸெனுவாரா சந்தைக்குப் போவதென்றாலும் பிள்ளைக்கு மருந்தெடுப்பதென்றாலும் இவளைத்தான் கேட்பாள். பேசிய கொஞ்சத் தமிழும் இவளிடம் கற்றதுதான். வாய்க்கு வாய் தங்கச்சி என்பாள். பஸ்லா அதிலேயே உருகிப்போனாள். உம்மா கூப்பிட்டால் எழும்பாதவள், ஸெனுவாராவின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பறந்தோடினாள்.

ரமழான் தலைநோன்புக்கு முந்தின நாள் ஸெனுவாரா இவள் கையிரண்டையும் பிடித்துக்கொண்டாள். "தங்கச்சி, நான் செஞ்ச பிழை எல்லாத்துக்கும் மாப்பு தாங்க."

நோன்பு வரும்போது ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பது ஊர் வழக்கம். காலையிலிருந்து பஸ்லாவின் ஃபோனில் அதே செய்திதான் வந்து குவிந்துகொண்டிருந்தது. ஆகவே யோசிக்கவில்லை. அல்லாஹ்வுக்காக எல்லாவற்றையும் மன்னித்தேன் என்று சிரித்தாள். ஸெனுவாரா அழுதாள். இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள் நம் கெட்டிக்காரி.

மறுநாள் போனால் வீடு வெறுமையாகக் கிடந்தது. ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் நீர்கொழும்புப் பக்கம் போய், வெளிநாட்டுக்குப் படகேறிவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மாதக்கணக்கில் பேசி வைத்த பயணமாம். அப்படியென்றால் தங்கச்சி, தங்கச்சி என்று கொஞ்சிய நாளெல்லாம் அது மனசுக்குள் இருந்திருக்கிறது. பஸ்லாவுக்கு வயிறு எரிந்தது.

மாமாவைப் பொலிஸ் கூப்பிட்டு, நோன்போடு அரைநாள் உட்காரவைத்தது. நிறுவனத்தில் பொறுப்பாக இருந்த வினோஜா மிஸ், பயிற்சிக்கு இனி வரவேண்டாம் என்றார். தன்மேல் பிழையில்லை என்று காட்டத்தான் பஸ்லா, ஸெனுவாரா மாப்புக் கேட்ட கதையை மாமாவிடம் சொன்னாள். அவருக்கு முகம் மாறியது.

"ஹஜ்ஜுக்குப் போறவங்க பயணம் சொல்லி மாப்புக் கேக்கிற மாதிரி கேட்டிருக்கா. நீங்களும் குடுத்திருக்கீங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மகள்."

எனக்குத் தெரியாது மாமா என்று சத்தியம் செய்தாள். அவர் தலையாட்டினார், நம்பவில்லை.

அன்று நோன்பு திறக்கும் நேரம். கேட்கும் துஆ பலிக்கும் நேரம். ஸெனுவாராவைச் சபித்துக் கொட்டவேண்டும் என்று கையேந்தினாள் பஸ்லா. அல்லாஹ்வின் பேரால் கொடுத்த மாப்பை எப்படித் திருப்பி எடுப்பது? தன்னை ஏமாற்றியதோடு நில்லாமல், ஏசுகிற உரிமையையும் தன் வாயாலேயே எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டாளே என்றுதான் அழுதாள்.