சூப்பர்வைசருக்குக் காய்ச்சல்

முகம் முழுக்கச் சேறு. மூக்கு எது, மீசை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தோளில் ஒரு சைக்கிளைச் சுமந்துகொண்டு முழங்கால் வரை புதைந்து நின்ற அந்த ஆளிடம் சுத்தமாக இருந்தவை இரண்டு கண்கள் மட்டும்தான். அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது எங்கள் தொழில் கொடுத்த பழக்கம். மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிம் ஊரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், கிளீன் ரூமுக்குள் போகிறவர்கள் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பால் மூடிக்கொள்ள வேண்டும். தலைமுடி, காது, வாய், மூக்கு எல்லாம் உள்ளே போய்விடும். ஒரு தூசு விழுந்தாலும் செய்த பொருள் குப்பைக்குப் போய்விடும் என்பதால் இந்தக் கெடுபிடி. வருடக்கணக்கில் அப்படியே பழகிவிட்டதால் கண்ணும் நடையும்தான் எங்களுக்கு அடையாள அட்டை. கேண்டீனில் முழு முகத்தோடு எதிரே வந்து உட்கார்ந்தால்தான் இது யாருடா என்று சந்தேகம் வரும்.

அந்தக் கண்களுக்குச் சொந்தக்காரர் எங்கள் லைன் சூப்பர்வைசர். வயதில் மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் அண்ணன். மோசமான மனிதர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுப்பார். ஆனால் எம்சி என்று நாங்கள் சொல்லும் மருத்துவ விடுப்பின் பேச்சை எடுத்தால் மட்டும் ஆளே மாறிவிடுவார். “காய்ச்சல்னு நீ சொல்லாத, தெர்மாமீட்டர் சொல்லட்டும்” என்பார். போனில் யாராவது தொண்டையைக் கரகரவென்று வைத்துக்கொண்டு பேசினால், “என்னா, நேத்து கல்யாண வீட்டுல நல்ல பாட்டா?” என்று கேட்டு மானத்தை வாங்கிவிடுவார். நிஜமாகவே காய்ச்சல் வந்தவர்கள்கூட அவருக்குப் பயந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்ததுண்டு.

அந்த வருடக் கடைசியில் என் தலையெழுத்து அவர் கையில் இருந்தது. மகள் அடுத்த ஜனவரியில் ஒன்றாம் வகுப்புக்குப் போகவேண்டும். எனக்கு மாறி மாறிப் பகலும் இரவுமாக வேலை. கணவருக்கு வேறொரு தொழிற்சாலையில் அதே கதை. எங்கள் இருவருக்கும் இரவு வேலை ஒன்றாக விழும் வாரங்களில் மகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா, வடக்கே ஜித்ரா ஊரில் இருக்கும் மகனோடு போய்த் தங்கப்போவதாகச் சொல்லிவிட்டார். என்னை நிரந்தரப் பகல் ஷிப்டுக்கு மாற்றச் சொல்லி அண்ணனிடம் கேட்டிருந்தேன். “பாக்கறேன்மா” என்றார். அவர் சொன்னால் ஆபீசில் நடக்கும். நடக்காவிட்டால் நான் வேலையை விட்டு நிற்கவேண்டியதுதான். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதை விட மனமில்லை.

இந்த நேரத்தில்தான் என் கணவர் என் பெயரைச் சைக்கிள் ஓட்டத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கெடாவில் எங்கே ‘ஃபன் ரைடு’ நடந்தாலும் இவர் மூக்கு வியர்த்துவிடும். காலையில் கும்பலாகச் சைக்கிளை மிதிப்பார்கள், ஒரு டீ-சட்டை தருவார்கள், நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் தருவார்கள், கடைசியில் லக்கி டிரா. இந்த முறை முதல் பரிசு வாஷிங் மெஷின். ஒருமுறை எனக்கு இஸ்திரிப் பெட்டி விழுந்ததிலிருந்து, “ஒனக்குத்தான் கைராசி, ஒம்பேர்லதான் போடணும்” என்று ஒரு நம்பிக்கை வைத்திருந்தார். போஸ்டரில் டீ-சட்டையையும் வாஷிங் மெஷினையும் பார்த்தவர் மீதியைப் படிக்கவில்லை. அண்ணனிடம் குடும்ப விஷயம் என்று சொல்லி அந்தச் சனிக்கிழமைக்கு லீவு வாங்கினேன். கெடாவில் வெள்ளியும் சனியும் ஊருக்கெல்லாம் விடுமுறை, எங்கள் தொழிற்சாலைக்கு மட்டும் கிடையாது.

ஊருக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பராக இருந்து இப்போது செம்பனை நிற்கும் தோட்டத்தில் போய் இறங்கினோம். மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. வந்தவர்களின் சைக்கிளைப் பார்த்ததுமே எனக்குச் சுருக்கென்றது. பல்லுப் பல்லாக டயர், ஒற்றை விரலில் தூக்கிவிடலாம் போன்ற உடம்பு. என்னுடையது பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்வரும் சைக்கிள். முன்னால் கூடை, பின்னால் மகள் உட்காரும் நாற்காலி. அங்கிருந்த ஒரு பையன்தான் விளக்கினான். குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் நடத்தும் சைக்ளோகிராஸ் பந்தயமாம் இது. சேற்றிலும் மேட்டிலும் சுற்றிச் சுற்றி ஓட்டவேண்டும், ஓட்ட முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். நம் ஊரில் பனிக்கு எங்கே போவது, அதனால் மழைக்காலத்தில் வைத்திருக்கிறார்கள். நான் கணவரைப் பார்த்தேன். அவர் செம்பனை மரத்தைப் பார்த்தார். “ஓட்டி முடிச்சவங்களுக்குத்தான் டிரா சீட்டாம்லா” என்று மட்டும் முணுமுணுத்தார்.

விசில் ஊதிய கொஞ்ச நேரத்திலேயே எல்லாரும் மரங்களுக்குள் மறைந்துவிட்டார்கள். என் மட்காடுக்குள் சேறு அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்ற மாட்டேன் என்றது. ஒரு குச்சியை எடுத்து நோண்டுவேன், பத்தடி போவேன், மறுபடி நோண்டுவேன். முதல் சுற்றில் பாதி வந்ததும் ஒரு பெரிய வாய்க்கால். அதற்குள்தான் அவர் நின்றுகொண்டிருந்தார். தோளில் இருந்தது தார் ரோட்டில் மட்டும் ஓட்டக்கூடிய, பாம்பு மாதிரி டயர் வைத்த ரேஸ் சைக்கிள். என் கூடை சைக்கிளுக்குச் சரியான ஜோடி. சக்கரத்தில் ஒட்டிய களிமண்ணால் அது உருளக்கூட மறுத்தது.

அவர் கண்கள் என்னைக் கண்டன. அந்தக் காலையில் அவர் லைனில் இருக்கவேண்டியவர். இருவருக்கும் அது தெரியும். நான் “அண்ணே” என்று வாயெடுத்து, பாதியில் விழுங்கிவிட்டேன். அவரும் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். பிறகு என் சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்தார், நான் முன்பக்கத்தைப் பிடித்தேன், தூக்கிக் கரையேற்றினோம். அவருடையதையும் அப்படியே. அடுத்த சுற்றிலும் அதே வாய்க்கால், அதே தூக்கல். ஒரு பேச்சில்லை. அந்த மௌனத்தை நான் மிரட்டலாக எடுத்துக்கொண்டேன். வெளியே சொன்னாயோ உன் பகல் ஷிப்டு காலி என்று அந்தக் கண்கள் சொல்வதாக எனக்குப் பட்டது.

இன்னும் எத்தனை சுற்று என்று அழுகை வரும்போது, முதலாவதாக வந்தவர் பந்தயத்தை முடித்துவிட்டார் என்று கத்தினார்கள். அவர் முடித்துவிட்டால் பின்னால் வருகிறவர்களும் அந்தச் சுற்றோடு முடித்ததாகக் கணக்காம். உலகத்திலேயே நல்ல சட்டம் அதுதான் என்று அப்போது தோன்றியது. முடிவுக்கோட்டை நெருங்கியபோது அண்ணன் முதன்முதலாகப் பேசினார். “நீ முன்னாடி போம்மா.” கோட்டில் என் கணவர் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் கடைசிக்கு முந்தியதாக வந்தேன், அண்ணன் கடைசி. லக்கி டிராவில் ஒரு சோப்புக்கட்டிகூட விழவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “இதவிட சான்ஸ் கெடைக்குமா? ஜாடையா ஒரு வார்த்த போட்டு வையி. பகல் ஷிப்டு தன்னால வரும்.” எனக்குக் கோபம் வந்தது. ஏன் கோபம் என்று ராத்திரி படுத்தபிறகுதான் விளங்கியது. இனி அண்ணன் ஷிப்டைக் கொடுத்தால் வாயை அடைக்கக் கொடுத்தார் என்றுதான் என் மனம் சொல்லும். கொடுக்காவிட்டால் பழிவாங்கிவிட்டார் என்று சொல்லும். நியாயமாகக் கேட்ட ஒன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கெட்டுப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை லைனில், “பாவம் அண்ணன், காய்ச்சலாம், ரெண்டு நாள் எம்சியாம்” என்று எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அவருக்கா, எம்சியா என்று ஆச்சரியம் வேறு. நான் குனிந்த தலை நிமிரவில்லை. மத்தியானம் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் வந்தார். வேலை தொடங்குமுன் வெளிக்கூடத்தில் எல்லாரும் கூடி நிற்போம், அவர் அன்றைய விவரம் சொல்வார். அன்றைக்கு அவர் வந்து நின்ற நேரம், பெண்கள் ஒரு கைப்பேசியைச் சுற்றி நின்று விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் முதல் நாள் இரவு கோட்டில் எடுத்த படத்தை என் தோழிகள் உட்பட எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். கூடை நிறையச் சேற்றோடு நான். எனக்குப் பின்னால் ஒரு மண் உருவம். அண்ணன் எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளிறியதை நான் பார்த்தேன்.

“சரி, சிரிச்சது போதும்” என்றார். கூட்டம் அடங்கியது. “எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இனி மறைக்க என்ன இருக்கு? சனிக்கெழம எனக்குக் காய்ச்சல் இல்ல. லீவு கேட்டேன், மேனேஜரு குடுக்கல. சின்ன வயசுலேருந்து ஒரு ரேஸ்லயாவது ஓட்டணும்னு ஆசை. பொய் சொல்லி எம்சி எடுத்தேன். தப்புதான். இப்ப ஆபீசுக்குப் போயி இதையேதான் சொல்லப்போறேன்.” சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்து போய்விட்டார். பெண்கள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்கள். பிறகு மறுபடியும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

ஆபீசில் ஓர் எச்சரிக்கையும் இரண்டு நாள் சம்பள வெட்டுமாக விட்டுவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. அவர் திரும்பி வந்தபோது, வெள்ளை உடுப்பை மேலே மாட்டிக்கொள்ளும் அறையில் நான் தனியாக இருந்தேன். அவர் வரட்டும் என்று எல்லாரையும் முன்னே போகவிட்டுப் பிந்தியிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்று வெள்ளை உடுப்புக்குள் காலை விட்டார்.

“வீட்டுக்காரருதானே படத்தப் போட்டாரு?”

“ஆமாண்ணே. ஆனா அதுல நிக்கறது நீங்கன்னு யாருக்குமே தெரியாது. நான் மூச்சு விடல.”

அவர் ஒற்றைக் காலில் அப்படியே நின்றார். “அப்ப எதுக்கு அந்தச் சிரிப்பு சிரிச்சாங்க?”

“என்னப் பாத்துண்ணே. கூடையெல்லாம் மண்ணு.”

“அட கடவுளே! அப்ப நானாவே போயி மாட்டிக்கிட்டேனா?” என்றவர் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். தண்டனை வாங்கிக்கொண்டு வந்த மனிதர் இப்படிச் சிரிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும். “நல்லதுண்ணே, நீங்களே சொல்லிட்டீங்க. ரெண்டு நாளா எனக்குச் சோறு தண்ணி எறங்கல” என்றேன்.

சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். “ஒன்னோட பகல் ஷிப்ட போன வாரமே பேசி முடிச்சிட்டேன்மா. அந்த வாய்க்கால்ல வெச்சே சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். அந்தக் கோலத்துல நின்னுக்கிட்டு சொன்னா ஒனக்கு லஞ்சம் குடுக்கற மாதிரி ஆயிரும்ல? அதான் பேசாம இருந்துட்டேன்.”

நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது எனக்குத் தெரிந்தது. “நேரமாச்சு, உள்ள வாம்மா” என்று முகமூடியைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் போனார். ஜனவரியில் என் மகள் பள்ளிக்கூடம் போனாள். முதல் நாள் சாயங்காலம் அவள் வகுப்புக் கதையையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னபோது, கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான்.